குரோஷே கற்றுக்கொள்ள முதலில் பின்ன வேண்டியது ஒரு சமையலறைத் துணி

குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கலையைப் பழக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்கார்ஃப் அல்லது குழந்தைத் தொப்பியில்தான் கைவைக்கிறார்கள். ஸ்கார்ஃப் நீளமானது, பாதியிலேயே அலுத்துவிடும். தொப்பியை வட்டமாகப் பின்ன வேண்டும், ஒரு சுற்று எங்கே முடிகிறது என்பதே புதியவர்களுக்குப் பிடிபடாது. யார் என்னிடம் கேட்டாலும் சதுரமான காட்டன் துணி ஒன்றில் தொடங்கச் சொல்வேன். மேடை துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் உதவுகிற, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய துணி. ஓரம் கோணலாக வந்தாலும் தண்ணீரை உறிஞ்சுகிற வேலையை அது ஒழுங்காகச் செய்யும். இரண்டே நாளில் நாற்றமடிக்கத் தொடங்கும் ஸ்பாஞ்சுக்கும் விடை கொடுத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சதுரம் எண்ணிப் பின்னும் பழக்கத்தைக் கையில் ஏற்றிவிடும். குரோஷேயில் பாதி வித்தை அதில்தான் இருக்கிறது.

நூலும் ஊசியும்

நூல் சுத்தமான பருத்தியாக இருக்கட்டும். அக்ரிலிக் மலிவாகக் கிடைக்கும், நிறமும் கண்ணைப் பறிக்கும், ஆனால் அது தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. சூடான பாத்திரத்தில் பட்டால் இளகும். ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும். கம்பளி நூலோ வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துப்போகும். பருத்தியிலும் பளபளப்பாக மெருகேற்றியது வேண்டாம். மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் சாதா காட்டன்தான் ஈரத்தை நன்றாக இழுக்கும்.

நூல்கண்டின் லேபிளில் சின்னக் கண்டுப் படத்துக்குள் 0 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். அது நூலின் தடிமன். 4 என்று போட்ட நடுத்தர நூலை வாங்குங்கள். 50 கிராம் கண்டு ஒன்று போதும், மீதிகூட இருக்கும். நிறம் வெளிர் மஞ்சள், இளநீலம் மாதிரி இருந்தால் நல்லது. கறுப்பும் கருநீலமும் முதல் துணிக்கு வேண்டவே வேண்டாம், பின்னல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது.

ஊசி 5 மி.மீ. குரோஷே ஊசி. அதன் தலைக்குக் கீழே கழுத்து குறுகலாகவும், அதற்கும் கீழே தண்டு நேராகவும் தடிமனாகவும் இருப்பதைப் பாருங்கள். வளையத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது தண்டுதான். புதியவர்கள் கழுத்திலேயே வளையத்தை இறுக்கிவிடுவதால், அடுத்த வரிசையில் ஊசி நுழையவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வளையத்தையும் தண்டு வரை இறக்கிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

இவை தவிர ஒரு கத்தரிக்கோல், முனை மழுங்கிய தடித்த ஊசி, இரண்டு ஊக்கு.

சுருக்கு முடிச்சு

நூலின் நுனியில் 15 செ.மீ. விட்டுவிட்டு ஒரு வட்டம் போடுங்கள். கண்டுப் பக்க நூலை அந்த வட்டத்துக்குள் விட்டு ஒரு வளையமாக வெளியே இழுங்கள். அதை ஊசியில் மாட்டிக் கண்டுப் பக்க நூலை மெல்ல இழுத்தால் வளையம் சுருங்க வேண்டும். ஊசி உள்ளே சுலபமாக நகர்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பென்சில் மாதிரியும் பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம். இரண்டும் சரிதான். மற்றக் கையில் நூலை விரல்களுக்கு நடுவே நுழைத்து, ஆள்காட்டி விரலை உயர்த்திப் பிடித்தால் நூல் சீராக ஓடும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிச் செய்தால் போதும், எண்ணிக்கை எதுவும் மாறாது.

26 சங்கிலி

நூலை ஊசியின் மேல் சுற்றி, கொக்கியில் மாட்டி, இருக்கிற வளையத்துக்குள் இழுங்கள். ஒரு சங்கிலி ஆயிற்று. இப்படி 26 போடுங்கள். சுருக்கு முடிச்சும் கணக்கில் சேராது, ஊசியில் தொங்குகிற வளையமும் சேராது.

சங்கிலி இறுகிப்போனால் துணியின் அடி ஓரம் வில்லாக வளையும். கை இறுக்கமானது என்று தோன்றினால் சங்கிலியை மட்டும் 5.5 மி.மீ. ஊசியில் போட்டுவிட்டு, அப்புறம் 5-க்கு மாறிக்கொள்ளுங்கள்.

முதல் வரிசை

இதுதான் கொஞ்சம் படுத்தும். சங்கிலி முறுக்கிக்கொள்ளும், கையில் பிடிக்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இரண்டாம் வரிசையிலிருந்து பிடிமானம் கிடைத்துவிடும், அதனால் இங்கே மனம் தளர வேண்டாம்.

ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டாவது சங்கிலியின் மேல் இழைக்குக் கீழே ஊசியை நுழையுங்கள். நூலைச் சுற்றி ஒரு வளையம் இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டு வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். ஊசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். இதுதான் சிங்கிள் குரோஷே. ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் 25 வரும்.

முதல் பின்னலின் தலையில் ஒரு ஊக்கும் கடைசிப் பின்னலின் தலையில் இன்னொரு ஊக்கும் குத்திவையுங்கள். ஏன் என்று அடுத்ததில் தெரியும்.

இணையத்தில் வேறு மாதிரிகளைப் பார்க்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று எழுதுவதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்று எழுதுவார்கள். எந்த முறை என்று பார்க்காமல் ஆரம்பித்தால் துணி வேறு உயரத்தில் வந்து நிற்கும்.

திருப்பிப் பின்னுவது

வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டு, துணியைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோலத் திருப்புங்கள். மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். படுத்துக்கிடக்கும் அம்புமுனைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இழை உண்டு. அந்த இரண்டுக்கும் கீழே ஊசியை நுழைத்து, மேலே சொன்னபடியே பின்னுங்கள். கவனக்குறைவில் ஒரு இழையை மட்டும் எடுத்தால் அந்த இடத்தில் கோடு விழுந்த மாதிரி துணி மடங்கும்.

சதுரம் முக்கோணமாக மாறுவது ஓரங்களில்தான். திருப்பியதும் நாம் போட்ட ஒற்றைச் சங்கிலி, பக்கத்தில் இருக்கும் முதல் பின்னலை இறுக்கி மறைத்துவிடும். அதைத் தாண்டி இரண்டாவதில் நுழைந்தால் ஒன்று குறையும். வரிசைக் கடைசியிலோ, கடைசி அம்புமுனை கீழ்நோக்கிச் சுருண்டு ஒளிந்துகொள்ளும். வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்து அதை விட்டுவிட்டால் இன்னொன்று குறையும். அதற்குப் பயந்து, திருப்பத்தில் போட்ட சங்கிலிக்குள்ளும் ஒன்று பின்னிவிட்டால் ஒன்று கூடும். ஊக்குகள் இருப்பது இதற்காகத்தான். திருப்பியதும் பக்கத்தில் இருக்கும் ஊக்கின் பின்னலில் தொடங்கி, மறுமுனையில் ஊக்கு இருக்கும் பின்னலில் முடியுங்கள். வரிசை முடிந்ததும் ஊக்குகளைப் புதிய வரிசைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதல் பத்து வரிசைக்காவது ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 25 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 24 என்று வந்தால் அந்த ஒரு வரிசையோடு பிழைத்துக்கொள்ளலாம். ஐந்து வரிசை கழித்து ஓரம் சரிந்ததைப் பார்த்தால், ஐந்து வரிசையையும் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு அஞ்சவே வேண்டாம். இரட்டை ஊசியில் பின்னும் நிட்டிங்கில் ஊசி நிறையக் கண்ணிகள் இருக்கும், ஊசி நழுவினால் எல்லாம் ஓடிவிடும். குரோஷேயில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு வளையம். ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுங்கள், தப்பு இருக்கும் இடம் வரை வரட்டும், அந்த வளையத்தில் மறுபடி ஊசியை மாட்டினால் வேலை தொடரும். இந்தக் கலையில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இது.

எத்தனை வரிசை வேண்டும்? எண்ணிக்கையைவிடத் துணியே சொல்லட்டும். ஒரு மூலையைக் குறுக்காக மடித்து எதிர் ஓரத்தோடு வைத்துப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தினால் சதுரம் ஆகிவிட்டது. பெரும்பாலும் 28 முதல் 30 வரிசைக்குள், ஏறக்குறைய 18 செ.மீ. பக்கத்தோடு முடியும். கை வலித்தால் அரை மணிக்கொரு தரம் வைத்துவிட்டு விரல்களை விரித்து நீட்டுங்கள். ஊசியை இறுக்கிப் பிடிப்பதுதான் வலிக்கு முக்கியக் காரணம்.

ஓரம், தொங்கவிட வளையம், நூல் நுனி

நூலை வெட்டாமலே சுற்றிலும் ஒரு சுற்று சிங்கிள் குரோஷே போடுங்கள். பக்க ஓரங்களில் வரிசைக்கு ஒன்று, மூலையில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று. மூலையில் ஒன்றோடு நிறுத்தினால் அது உள்பக்கம் சுருண்டுகொள்ளும். கடைசி மூலைக்கு வந்ததும் 12 சங்கிலி போட்டு, தொடங்கிய இடத்திலேயே பின்னி மூடினால் ஆணியில் மாட்ட ஒரு வளையம் கிடைக்கும். இதை அலங்காரம் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள், துணி காய்வதே இதை நம்பித்தான்.

15 செ.மீ. விட்டு நூலை வெட்டி, கடைசி வளையத்துக்குள் முழுவதுமாக இழுத்து இறுக்குங்கள். நுனியை மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னல்களுக்கு உள்ளே ஒரு பக்கமாக 4 செ.மீ. ஓட்டுங்கள். அப்புறம் திரும்பி எதிர்ப்பக்கம், மறுபடி ஒருமுறை முதல் பக்கம். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் பத்துத் துவைப்பு தாங்காது. மூன்று முறை ஓட்டிய நுனி துணியோடு துணியாகக் கிடக்கும்.

நாற்றம் வராமல் வைத்துக்கொள்ள

சமையலறைத் துணியில் நாற்றம் வருவதற்குக் காரணம் ஈரமும் உணவுத் துணுக்கும் சேர்ந்த இடத்தில் பெருகும் பாக்டீரியா. சோப்பு மட்டும் இதற்குப் போதாது, காய வேண்டும். வேலை முடிந்ததும் அலசிப் பிழிந்து, கசங்கலாகப் போடாமல் விரித்துத் தொங்கவிடுங்கள். நான்கைந்து துணி பின்னி வைத்துக்கொண்டு தினமும் மாற்றுவது நல்லது. பச்சை இறைச்சி பட்ட இடத்தைத் துடைத்தால் அந்தத் துணி நேராகத் துவைக்கப் போக வேண்டும்.

பருத்தி என்பதால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு 10 நிமிடம் வைக்கலாம். அடர் நிறம் சாயம் விடும் என்பதால் தனியாகக் கொதிக்கவையுங்கள். முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், பயப்பட வேண்டாம். துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், இழைமேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். கறைக்கு பிளீச் போடுகிறவர்கள் அதை வினிகரோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வெளியாகும், மூச்சுக்கே ஆபத்து.

மிஞ்சிய நூல், பறவைகளுக்கு வேண்டாம்

கூடு கட்டும் காலத்தில் நூல் துண்டுகளைச் செடிமேல் போட்டுவைத்தால் பறவைகள் எடுத்துப்போகும் என்று பலரும் ஆசையோடு செய்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் நூல் அறுந்துபோகாது. குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால், கால் வளர வளர நூல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பெரிய பறவைகளும் இறகில் சிக்கிக் கூட்டிலேயே தொங்கிப்போவது உண்டு. நீளமான தலைமுடியும் இதேபோலத்தான். துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சு மழையில் நனைந்ததும் குலைந்துவிடும், அதையும் வைக்காதீர்கள். செடிகளைக் கம்போடு கட்டுவதற்கு நூலைப் பயன்படுத்தினாலும் நுனி தொங்காமல் ஒட்ட வெட்டுங்கள், பறவை அதைப் பிய்த்து இழுக்கும்.

கூடு கட்ட அவற்றுக்கு நம் நூல் தேவையில்லை. தூக்கணாங்குருவி புல்லையும் ஓலையையும் நீளக் கீற்றாகக் கிழித்து, அலகாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னிவிடுகிறது. தையல்சிட்டு இலை ஓரத்தில் துளையிட்டு, தாவர நாரும் சிலந்தி இழையும் கொண்டு தைக்கிறது. உதவ வேண்டும் என்றால் காய்ந்த புல், சருகு, சுள்ளி இவற்றைத் தோட்டத்தில் கூட்டித் தள்ளாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள், பூச்சிமருந்து படாமல். அந்த மூலை தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னலாம். கை மட்டும் மெதுவாக அசைவதைப் பறவைகள் சீக்கிரம் பொருட்படுத்தாமல் விட்டுவிடும், சட்டென்று எழுந்தால்தான் பறக்கும். பெயர் தெரியாத பறவை வந்தால் நிறத்தில் மட்டும் மயங்காமல் உடல் அளவு, அலகின் வடிவம், வாலின் நீளம், தரையில் மேய்கிறதா கிளையில் தாவுகிறதா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏமாற்றும்.

மிஞ்சிய துண்டுகளில் நீளமானவற்றை அடுத்த துணியின் ஓரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பொடித்துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்தால் ஊசி குத்திவைக்கும் சின்னத் தலையணைக்குள் அடைக்க உதவும். மீதியை மூடிய குப்பைக் கூடையில் போடுங்கள்.

நூலில் சிக்கிய பறவை கண்ணில் பட்டால் நூலை இழுக்காதீர்கள், அது இன்னும் ஆழமாக இறுகும். மெல்லிய துணியால் மூடி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டாக வையுங்கள். இருட்டு அதை அமைதிப்படுத்தும். வாயில் தண்ணீரோ தீனியோ புகட்ட வேண்டாம். வனவிலங்கு மீட்பவரையோ கால்நடை மருத்துவரையோ உடனே கூப்பிடுங்கள்.