சட்டைக்கு கஞ்சி போடறோம்னு அப்பளம் போடாதீங்க

வெள்ளை காட்டன் சட்டைக்கு வீட்லயே கஞ்சி போட ஆரம்பிக்கிற எல்லாரும் பண்ற மொத தப்பு, சட்டை விறைப்பா இருக்கணும்னா கஞ்சி கெட்டியா இருக்கணும்னு நெனச்சுக்கறதுதான். நானும் அப்படித்தான், ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலு ஸ்பூன் ஜவ்வரிசி மாவை போஸ்டர் ஒட்ற பசை மாதிரி காய்ச்சி அதுல சட்டையை முக்கி எடுத்தேன், மறுநாள் கொடியில இருந்து எடுத்தா கை ரெண்டும் உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்குது, பிரிச்சு மடக்கின எடத்துல எல்லாம் வெள்ளையா கோடு விழுந்து மாவு உதிருது. கடைசில பழைய கோடு போட்ட சட்டைய போட்டுட்டு போனேன்.

ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மாவு போதும், அரசியல்வாதி மாதிரி மொடமொடன்னு வேணும்னா ரெண்டு, அதுக்கு மேல வேண்டாம். பக்கெட்ல கலந்த கஞ்சி தண்ணி விட்ட மோர் அளவுக்கு நீர்க்க இருந்தா சரி.

அடுத்தது கட்டி. கொதிக்கிற தண்ணில மாவை நேரா கொட்டுவாங்க, அது அந்த நிமிஷமே வெளிய வெந்து பிசினாகி உள்ள பச்சை மாவா உருண்டுக்கும், அப்புறம் எவ்ளோ கிண்டினாலும் கரையாது. மொதல்ல பச்சைத் தண்ணில கரைச்சுட்டு அதை கொதிக்கிற தண்ணில ஊத்தி கிண்டணும், வெள்ளை போயி கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும். கரைச்சாச்சுன்னு காய்ச்சாம அப்படியே ஊத்தறதும் தப்பு, வேகாத மாவு துணி மேல தூசி மாதிரி உக்காருமே தவிர பிடிக்காது. எப்படி காய்ச்சினாலும் ஒரு பழைய வேட்டித் துணில வடிகட்டிடுங்க.

வடிகஞ்சி கிடைச்சா அது இன்னும் நல்லது (குக்கர் வந்தப்புறம் யார் வீட்ல சோறு வடிக்கிறாங்கன்னு கேக்காதீங்க, எங்க வீட்ல இன்னும் வடிக்கிறோம்). ஆனா உப்பு போட்டு வடிச்ச கஞ்சி வேண்டாம், உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து சட்டையை நமுத்துப்போக வெச்சுடும். நேத்து கஞ்சியும் வேண்டாம், புளிச்ச வாடை அயர்ன் சூட்டுல அப்படியே மேல வரும்.

துணி எதுன்னு பாக்காம போடறதும் இருக்கு. பருத்தியும் ஸ்டார்ச்சும் ஒரே குடும்பம், ரெண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான், அதனால ஒட்டிக்கும், பாலியஸ்டர் அந்த குடும்பத்துல இல்ல. பாலியஸ்டர் கலந்த சட்டைக்கு கஞ்சி போட்டுட்டு நிக்கலையேன்னு இன்னும் ரெண்டு ஸ்பூன் சேத்தா பிசுபிசுப்புதான் மிச்சம். சோப்பு போக அலசாம முக்கினாலும் திட்டு திட்டா வரும். கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் போட்ட அன்னிக்கு கஞ்சியே வேண்டாம், ஒண்ணு துணியை மெதுவாக்குது இன்னொண்ணு விறைப்பாக்குது, ரெண்டையும் சண்டை போட விட்டு என்ன பண்ண போறோம்? சொட்டு நீலத்தையும் கஞ்சிக்குள்ள சொட்டு சொட்டா விடாதீங்க, தனியா ஒரு மக் தண்ணில கலக்கிட்டு ஊத்துங்க.

காயப்போடற விஷயத்தை யாரும் சொல்லித் தர்றதில்ல. சட்டையை தோள்பட்டையில தொங்க விட்டா கஞ்சி எல்லாம் வடிஞ்சு கீழ் ஓரத்துக்கு போயிடும், காலர் தொளதொளன்னு இருக்கும், பேண்ட்டுக்குள்ள போற பாகம் தகரம் மாதிரி நிக்கும். நல்லா உதறி, ஒட்டின கையை பிரிச்சு விட்டு, தலைகீழா கிளிப் போடுங்க. மழை நாள்ல இந்த வேலையே வேண்டாம், சீக்கிரம் காயலைன்னா வாடையும் வரும் பூஞ்சையும் வரும்.

இப்ப அயர்ன். சட்டை சரியா வராததுக்கு கஞ்சியை திட்றோம், ஆனா பாதி தப்பு இங்கதான். மொறுமொறுன்னு காய்ஞ்ச சட்டை மேல பெட்டியை வெச்சா சுருக்கமும் போகாது, கஞ்சியும் பழுப்பேறும். தெருவுல கரிப்பெட்டி வெச்சு தேய்க்கிறவங்களை கவனிச்சிருக்கீங்களா, தண்ணி தெளிக்காம ஒரு துணிய தொட மாட்டாங்க, சிலர் தெளிச்சு சுருட்டி கொஞ்ச நேரம் வெச்சுட்டுத்தான் எடுப்பாங்க, ஈரம் எல்லா பக்கமும் ஒண்ணா பரவட்டும்னு. அந்த ஈரத்தோட தேய்ச்சாதான் வழவழப்பும் விறைப்பும் வரும். கருப்பு, நீலச் சட்டையா இருந்தா உள்பக்கம் திருப்பி தேய்ங்க, இல்லைன்னா பளபளன்னு தடம் விழும். பெட்டியோட அடித்தட்டுல கஞ்சி ஒட்டி பழுப்பா படிஞ்சா, ஆறினதும் ஈரத்துணில துடைச்சுடணும், விட்டா அடுத்த வெள்ளைச் சட்டையில அது கையெழுத்து போட்டுடும்.

ரெடிமேட் சட்டையில காலர், கஃப் உள்ள ஏற்கனவே விறைப்புத் துணி வெச்சு ஒட்டித்தான் வருது, அங்க தனியா கஞ்சி தடவினா மடிப்புல நூல் சீக்கிரம் விட்டுப் போகும், கழுத்தும் அறுபடும். வேட்டிக்கு போடற அளவை சட்டைக்கு போடாதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான்.

அப்புறம் பொங்கலுக்கு போட்ட சட்டையை கஞ்சியோட மடிச்சு பீரோவுல வெச்சுட்டு தீபாவளிக்கு எடுத்தா ராமபாணப் பூச்சி உங்களுக்கு முன்னாடி விருந்து சாப்ட்டிருக்கும், அதுக்கு ஸ்டார்ச்னா உசுரு. ரொம்ப நாள் வெக்கிற துணியை கஞ்சி போக நல்லா அலசி காயவெச்சு வெறுமனே மடிச்சு வைங்க, வேணுங்கற அன்னிக்கு முதல் நாள் போட்டுக்கலாம்.