ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உணர்வுகளைச் சொல்லிக்கொடுப்பது: வீட்டிலிருந்தே தொடங்கலாம்

என் மகனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் தெரிந்தது. உடனே முகங்கள் வரைந்த சார்ட் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். இரண்டே மாதத்தில், "சோகம் எது?" என்று கேட்டால் சரியாகத் தொட்டுக் காட்டினான். அப்புறம் என் அப்பா இறந்த சமயம் நான் அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து என் கன்னத்தைத் தொட்டு "தண்ணி" என்றான். சார்ட்டில் படித்தது சார்ட்டோடு நின்றுவிட்டது. ஓர் உணர்வை அது வருகிற நேரத்தில், வருகிற இடத்தில்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் நான்கு வருடமாகச் செய்துவருவதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதாவது சின்ன வயதிலேயே வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து பயிற்சி தரும் இடம், எங்கே என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை வாங்கத் தயங்க வேண்டாம்.

முதல் படி: இரண்டே சொற்கள்

"சந்தோசமா இருக்கு", "கோபமா இருக்கு". இந்த இரண்டு போதும். மகிழ்ச்சி, சினம் எல்லாம் வேண்டாம். வீட்டில் என்ன பேசுகிறோமோ அதுவே சரி.

கேள்வியாக மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். "தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டுக் கேட்டு, தாகம் எடுத்தால் என் மகனும் "தண்ணி வேணுமா?" என்றுதான் சொல்வான். "கோபமா இருக்கியா?" என்று கேட்டால் அதுவும் அப்படியேதான் திரும்பி வரும். அதனால் அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாமே சொல்லிவிட வேண்டும். நம் பேச்சில் இதற்கு ஒரு வசதி உண்டு. "கோபமா இருக்கு" என்பதில் நான், நீ எதுவும் கிடையாது. அம்மா சொன்னாலும் பிள்ளை சொன்னாலும் ஒரே வாக்கியம். எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊஞ்சலில் சிரிக்கும்போது சொல்லுங்கள். மாம்பழத்தைக் கையில் வாங்கும்போது சொல்லுங்கள். சந்தோசத்தில்தான் தொடங்க வேண்டும். கோபத்தில் மட்டும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லே பிள்ளைக்குத் திட்டாகப் படும். கூடவே உடம்பையும் காட்டுங்கள். "கை இறுக்கமா இருக்கு, கோபமா இருக்கு." தன் உடம்பில் நடப்பதை உணர்ந்து பெயர் சொல்வது இவர்களில் பலருக்குக் கடினம். உணர்வே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் பிள்ளைக்குப் பொங்கிப் பொங்கி வரும்.

முகத்தைப் பிடித்துத் திருப்பி "என்னைப் பாரு" என்று வற்புறுத்தவும் கூடாது. பார்க்காமலே நன்றாகக் கேட்பார்கள்.

இரண்டாம் படி: முறை மாற்றி முறை

புளி சீசனில் எங்கள் திண்ணையில் ஓடு உடைப்போம். இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு முறம். நான் ஒரு பழத்தை உடைத்து "இப்ப அம்மா" என்பேன். அடுத்ததை அவன் கையில் கொடுத்து "இப்ப தம்பி". ஓடு உடையும் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்காகவே காத்திருப்பான். முதல் வாரம் மூன்று சுற்றோடு நிறுத்தினேன். அவன் எழுந்து ஓடுவதற்கு முன்பே நாம் முடித்துவிட வேண்டும், அப்போதுதான் மறுநாளும் வந்து உட்காருவான். பத்துச் சுற்று வந்த பிறகு அக்கா மகளைச் சேர்த்துக்கொண்டோம். மற்ற குழந்தையோடு விளையாடு என்று வெறுமனே அனுப்புவதில் பயனில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவார்கள்.

புளியின் பிசுபிசுப்பு பிடிக்காத பிள்ளைக்கு அவரைக்காய் கொடுங்கள். கொட்டை, பருப்பு எதுவானாலும் வாயில் போட்டுவிடாமல் பக்கத்திலேயே இருங்கள்.

மூன்றாம் படி: போகுமுன் ஒரு கதை

கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. நடக்கப்போவதைப் பிள்ளையின் பார்வையில் சின்னக் கதையாக எழுதிப் படித்துக் காட்டுவது. அதில் கட்டளை குறைவாக, விவரம் அதிகமாக இருக்க வேண்டும். எங்கள் முதல் கதை இதுதான்:

"நாங்கள் கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போவோம். பஸ் ஹாரன் அடிக்கும். சத்தமாக இருக்கும். சில பேருக்கு அது பிடிக்காது. நான் காதைப் பொத்திக்கொள்ளலாம். அம்மா பக்கத்தில் இருப்பாள். பஸ் ஸ்டாண்டில் இறங்குவோம்."

வரிக்கு ஒரு போட்டோ, நம் செல்போனில் எடுத்தது போதும். நான்கு நாள் முன்பிருந்தே தினம் ஒருமுறை படியுங்கள். மாங்கனிக் கண்காட்சி மாதிரிக் கூட்டமான இடத்தில் தொடங்காதீர்கள். கூட்டமில்லாத நேரத்து டவுன் பஸ் நல்லது.

நான்காம் படி: வீட்டுக்கு வந்தவர்கள்

சொந்தக்காரர்கள் வந்ததும் "மாமாவுக்கு வணக்கம் சொல்லு", "பாட்டு பாடு" என்று சுற்றி நிற்பார்கள். பிள்ளை உள்ளறைக்கு ஓடிவிடும். நான் அவனிடம் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தேன். வந்தவரிடம் நீட்ட வேண்டும், அவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். நம் ஊரில் வரவேற்பதே அப்படித்தானே. பேச்சு வராத பிள்ளையும் இதைச் செய்யலாம். கன்னத்தைக் கிள்ள வருபவரை மட்டும் நீங்கள் தடுத்துவிடுங்கள். "அவனுக்குப் பிடிக்காதுங்க மாமா" என்று அவன் காதில் விழும்படியே சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை அவனும் அதிலிருந்து கற்றுக்கொள்வான்.

அலறி அழும்போது

அந்த நேரத்தில் பாடம் கிடையாது. விளக்கைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், பேச்சைக் குறைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எல்லாம் அடங்கிச் சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "மிக்ஸி சத்தம், பயமா இருந்துச்சு." அடுத்த முறை மிக்ஸி போடுமுன் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் பயன்படுத்தும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டி ஒரு சொல், அங்கன்வாடி டீச்சர் வேறு சொல் என்றிருந்தால் பிள்ளை திணறும். ஒரு பிரதி அடுப்படியில் ஒட்டுங்கள், ஒன்றை டீச்சரிடம் கொடுங்கள். புதுச் சொல் சேரும்போதெல்லாம் இரண்டிலும் எழுதிவிடுங்கள்.