நைட்ரைட் இறங்காததுக்கு காரணம் ஒரு கிழிசல்

ஆர்ஏஎஸ் (ஒரே தண்ணிய சுத்தம் பண்ணி திரும்பத் திரும்ப ஓடவிடுற மீன் வளர்ப்பு முறை) டேங்க்ல அம்மோனியா கொஞ்சந்தான், மீனுக்கு விஷமான நைட்ரைட் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு, மீன் தீனியே எடுக்கல. தண்ணி மாத்தினேன், பாட்டில் பாக்டீரியா ஊத்தினேன், ரெண்டே நாள்ல பழையபடி. உப்பு போட்டதுல மீன் தப்பிச்சுது (குளோரைடு இருந்தா செவுள் வழியா நைட்ரைட் உள்ள போறது குறையும்), ஆனா அளவு இறங்கல. கடைசியா பயோஃபில்டர் மீடியாவ (நல்ல பாக்டீரியா ஒட்டி வளர்ற துண்டுங்க) கையில எடுத்தா, மெல்லிசா பழுப்புப் படலம் இருக்க வேண்டிய இடத்துல சளி மாதிரி தடிப்பா கொழகொழன்னு ஒட்டியிருக்கு, கழிவத் தின்னு வேகமா பெருகுற பாக்டீரியா இது, மெதுவா வளர்ற நைட்ரிஃபையருக்கு (அம்மோனியாவ நைட்ரைட்டாவும், அத ஆபத்து குறைஞ்ச நைட்ரேட்டாவும் மாத்துற நல்ல பாக்டீரியா) இடமும் ஆக்சிஜனும் விடல. கழிவு எப்படி அங்க வந்துச்சுன்னு தேடினா டிரம் ஃபில்டர் (கழிவ முன்னாடியே வடிகட்டுற சுழலும் உருளை) வலையில, ரப்பர் ஓரத்துக்கு அடியில, நகம் அளவுக்கு கிழிசல்! வலைய மாத்தி, மீடியாவ டேங்க் தண்ணியிலயே லேசா அலசி (குளோரின் கலந்த தண்ணின்னா நல்லதும் செத்துரும்), தீனிய பாதியாக்கினேன். பன்னெண்டாவது நாள் நைட்ரைட் அடங்குச்சு, அப்பாடா.