முன்னோர் கட்டிய ஹாட் ராடை வீட்டுப் பட்டறையில் மீட்டெடுக்கும் முறை

தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே நிற்கும் பழைய காரை மீட்பவருக்குக் கையேடுகளும் உதிரிபாகப் பட்டியல்களும் துணைக்கு வரும். வேகத்துக்காகப் பழைய காரை மாற்றிக் கட்டிய ஹாட் ராடுக்கு அந்தத் துணை கிடையாது. 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்க்கச் சென்ற இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்து, இன்ஜினின் வலுவைக் கூட்டி, தங்கள் கையாலேயே புதியதொரு வண்டியைக் கட்டினார்கள். அந்த வழியில் வந்த வண்டிகளில் 1932 மாடலின் பாடியும், 1940 மாடலின் பிரேக்கும், 1949 மாடலின் இன்ஜினும் ஒன்றாக இருப்பது இயல்பு. ஆகவே, மரபுரிமையாக வந்த ஹாட் ராடைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால், அதைக் கட்டியவர் ஓட்டிய நிலைக்குக் கொண்டுவருவது என்றுதான் நான் பொருள் கொள்கிறேன். ஃபோர்டு அனுப்பிய நிலைக்கு அதைத் திருப்புவது, கட்டியவரின் உழைப்பை அழித்துவிட்டு வேறொரு காரை உருவாக்குவதாகும்.

இதனால் முதல் சில வாரங்களுக்கு ஸ்பேனரை எடுக்காமல் இருப்பதே நல்லது. குடும்ப ஆல்பங்கள், பழைய ரசீதுகள், பந்தயத்தில் ஓடியிருந்தால் அதன் நேரச் சீட்டுகள், டாஷ்போர்டில் அறைந்த சிறு தகடுகள் ஆகிய அனைத்தையும் திரட்டுங்கள். வண்டி ஓடிய காலத்தை அறிந்த உறவினரும் நண்பரும் இருந்தால், அவர்கள் நினைவில் இருப்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையில் தள்ளிப்போட முடியாதது இது ஒன்றுதான். பிறகு வண்டியை எல்லாக் கோணங்களிலும் படம் பிடித்து, தரையிலிருந்து நான்கு மூலைகளின் உயரத்தையும், ஒவ்வொரு ஒயரும் குழாயும் செல்லும் பாதையையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியவர் யோசித்துச் செய்த மாற்றம் எது, அவசரத்தில் ஒட்டுப்போட்டது எது, காலம் கெடுத்தது எது என்ற மூன்று பிரிவாக ஒரு நோட்டில் எழுதி வந்தால், பின்னர் எழும் பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த நோட்டே விடை சொல்லும். அந்தக் கால ஃபோர்டு வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட இன்ஜின்) கார்களில் வண்டியின் எண் சேசிஸின் இடப்பக்கச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதைப் பணம் செலவழிக்கத் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வீட்டுப் பட்டறையில் உயிருக்கு ஆபத்தானவை சில உண்டு. ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் செல்லக் கூடாது. சமதளமான கான்கிரீட் தரையில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். காலியான பெட்ரோல் டேங்க், நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும் என்பதால், அதில் வெல்டிங் வைப்பதை அதற்கென்றே உள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதும் பழக்கத்தைக் கைவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையிலிட்டு மூடி அகற்றுங்கள்.

இன்ஜினுக்கு வருவோம். நீண்ட நாள் நின்ற வண்டியைக் கண்டதும் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போதும், வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கும்போதும் அந்த ஒரு அழுத்தமே இன்ஜினைப் பாழாக்கிவிடும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளைகளின் வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, சில நாட்கள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் முனையில் நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னுமாக மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தால்கூடப் போதும், மீண்டும் ஊற விட்டு மறுநாள் தொடரலாம். அசையவே இல்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே சரியான அடுத்த படி.

ஹாட் ராடுகளில் மிகுதியாகக் காணப்படுவது ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8. 1932-இல் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டு வந்த இந்த இன்ஜினில் வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே அமைந்திருக்கும். எந்தக் காலத்து இன்ஜின் என்பதை அறிய ஹெட்டைப் பாருங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் மரையிட்ட கம்பிகளான ஸ்டட்கள் 21 இருந்தால் அது தொடக்க காலத்தது, 24 இருந்தால் 1938 அல்லது அதற்குப் பிந்தையது, தண்ணீர் வெளியேறும் குழாய் ஹெட்டின் நடுவில் இல்லாமல் முன் முனையில் இருந்தால் பெரும்பாலும் 1949–53 காலத்தது. கட்டியவர் வெவ்வேறு ஆண்டுகளின் பாகங்களைக் கலந்திருப்பார் என்பதால், ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி கேஸ்கட் வாங்கிவிட வேண்டாம். பழைய கேஸ்கட்டை வைத்துத் துளைகளை ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள்.

துடுப்புப் போன்ற விளிம்புகள் கொண்ட அலுமினிய ஹெட் பொருத்தப்பட்டிருந்தால், அதைக் கழற்றுவதற்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்படும். எஃகு ஸ்டட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே பல ஆண்டுகளாகப் படிந்த அரிப்பு, இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உளி அடித்து நெம்பினால் ஹெட்டின் சமதளம் கெட்டுவிடும். எண்ணெய் விட்டு, ஸ்டட்டைச் சுற்றி இளஞ்சூடு காட்டி, குளிர விட்டு, மரச் சுத்தியலால் தட்டி, இதையே பல நாட்கள் திரும்பச் செய்வதுதான் வழி. அந்தக் கால வேகப் பாகங்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கட்டியவர் தேடிப்பிடித்து வாங்கிய ஹெட்டை நம் அவசரத்தால் இழப்பது பெரிய வருத்தம்.

ஹெட் கழன்று வந்த பிறகு, பிளாக்கைச் சுத்தம் செய்து, காந்தத் துகள் முறையில் விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். பிளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் வாயு பிளாக்கின் ஊடாகவே, தண்ணீர்ப் பாதைகளைக் கடந்து வெளியேறுவதால் சூடு மிகுதி. வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையேயும், ஸ்டட் துளைகளைச் சுற்றியும் விரிசல் விழுவது சாதாரணம். விரிசல் கண்ட பிளாக்கில் சிலிண்டரைக் குடையும் வேலை, புதுப் பிஸ்டன் என்று செலவழித்துவிட்டுப் பின்னர் வருந்துவதைக் காட்டிலும், இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் முதலில் செய்துகொள்வது மேல். பிளாக் நலமாக இருந்தால், தண்ணீர்ப் பாதைகளுக்குள் வார்ப்பு மணலும் கம்பித் துண்டுகளும் இன்னும் தங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். வார்த்த நாள் முதல் உள்ளேயே கிடக்கும் அந்த மணலைக் கம்பியாலும் தண்ணீராலும் முழுவதும் வெளியேற்றினாலே சூடேறும் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடுவது உண்டு. திரும்பப் பூட்டும்போது, ஸ்டட் துளைகள் தண்ணீர்ப் பாதைக்குள்ளேயே திறப்பதால், மரைகளில் கசிவு தடுக்கும் பசை பூச மறவாதீர்கள். ஸ்பார்க் ஒயர்களை இணைக்கும் வரிசை 1-5-4-8-6-3-7-2. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க வலப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4 வரையும், இடப்பக்கத்தில் 5 முதல் 8 வரையும் எண்ண வேண்டும்.

பாடி வேலையில் முதல் விதி, எதையும் வெட்டுவதற்கு முன் முட்டுக்கொடுப்பது. துருவால் வலுவிழந்த பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கினால் கதவு இடைவெளிகள் கோணிவிடும். ஆதலால் கதவுச் சட்டங்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்து, மூலைவிட்டங்களை அளந்து எழுதிய பிறகே தூக்க வேண்டும். பெயிண்டைச் சுரண்டுவதற்கு மணல் பீய்ச்சும் முறை விரைவானதுதான், ஆனால் கூரை, கதவு போன்ற அகன்ற தகடுகளை அது நெளியச் செய்துவிடும். அங்கே ரசாயனக் கரைப்பானும் கைவேலையும்தான் பாதுகாப்பு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று கருதி, தகுந்த முகமூடி அணிந்தே வேலை செய்யுங்கள்.

கூரையைத் தாழ்த்திய வண்டியாக இருந்தால், தூண்களின் இணைப்புகளைப் பட்டிக்குப் பதிலாக ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் கலவையால் நிரப்பியிருப்பார்கள். தகடு சுத்தமாகும்போது பளபளப்பான சாம்பல் நிறத் திட்டாக அது வெளிப்படும். அதை எந்திரத்தால் தேய்த்தால் ஈயத் தூசி பட்டறை முழுவதும் பரவும். அரத்தால் மட்டுமே சீர்செய்ய வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் ஈய வேலையை உருக்கி எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கட்டியவரின் கை எங்கே பதிந்திருக்கிறது என்று கேட்டால், நான் காட்டுவது அந்த இணைப்பைத்தான். அடியில் துரு பரவிக் கொப்புளம் எழும்பியிருந்தால் மட்டும் திறந்து பார்க்க வேண்டும்.

துரு தின்ற பகுதிகளில் ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிமனுள்ள புதுத் தகட்டைப் பொருத்தும்போது, ஒரே இழுப்பில் வெல்டிங் வைக்காமல், ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, ஒவ்வொரு புள்ளியும் ஆறிய பிறகு அடுத்ததைத் தொடங்க வேண்டும். சூட்டில் சுருங்கிய இடத்தைச் சுத்தியலும், தகட்டின் மறுபக்கம் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியும் கொண்டு தட்டி விரித்துவிட்டால், மேலே மிக மெல்லிய பட்டியே போதுமானதாகும். சிறிய பாகங்களின் துருவை அகற்ற, சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தும் முறை நன்றாக வேலை செய்கிறது. பாகத்தை எதிர்முனையோடு இணைத்து, நேர்முனையில் சாதாரண இரும்பையே வையுங்கள். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மங்கள் உருவாகும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் இதைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

கட்டியவரின் கைவேலையைக் காப்பதே நோக்கம் என்று சொன்னேன். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் அந்த விதி செல்லாது. சூட்டில் நீட்டித் தாழ்த்திய முன் ஆக்சில், வெட்டி ஒட்டிய ஸ்டியரிங் கைகள், பெட்டிபோல் மூடிய சேசிஸ் சட்டங்கள் ஆகியவற்றின் ஒவ்வொரு வெல்டிங்கையும் பெயிண்டை நீக்கி, சாயம் ஊடுருவும் விரிசல் சோதனைக்கு உட்படுத்துங்கள். சந்தேகம் எழுந்த பாகத்தை நினைவுப் பொருளாகச் சுவரில் மாட்டிவிட்டு, புதியதைப் பொருத்துங்கள். முன் ஆக்சிலைப் பிடிக்கும் விஷ்போன் நடுவில் பிளக்கப்பட்டிருந்தால், ஐ-வடிவ ஆக்சில் சற்றே முறுக்கிக் கொடுத்துச் சமாளிக்கும். குழாய் ஆக்சிலோ முறுக்கு ஏற்காது. அந்தச் சேர்க்கை இருந்தால் மாற்ற வேண்டும்.

ஃபோர்டு 1939-இல்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. பழைய சேசிஸில் அதைப் பொருத்தியவர்கள் வழக்கமாக, பெடலை மிதித்ததும் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ஒற்றைச் சுற்றாகவே வைத்தார்கள். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும் அமைப்பு அது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுவதை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். தரைத்தகட்டின் கீழ் ஒளிந்திருப்பதால் வண்டியின் தோற்றமும் மாறாது. மாஸ்டர் சிலிண்டர் சக்கரங்களைவிடத் தாழ்வாக இருந்தால், எண்ணெய் பின்னோக்கி வழியாமல் தடுக்க டிரம் பிரேக் பக்கத்துக்கு, குழாயில் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு வைக்க வேண்டும். பின் டிரம்மைக் கழற்ற, அதை இழுத்தெடுப்பதற்குரிய கருவியான புல்லரையே பயன்படுத்துங்கள். கூம்பு வடிவ ஆக்சில் முனையைச் சுத்தியலால் அடித்தால் மரையும் பேரிங்கும் கெடும்.

மின்சுற்றில் துணி சுற்றிய பழைய ஒயர்கள் அனைத்தையும் தயங்காமல் மாற்றலாம். 1955 வரை வந்த ஃபோர்டுகளில் 6 வோல்ட், அதிலும் நேர்முனை பாடியோடு இணைந்தது என்பதை மனத்தில் வையுங்கள். 6 வோல்ட்டில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றால், முதலில் பேட்டரி கேபிளின் பருமனையும் எர்த் இணைப்பின் சுத்தத்தையும் பாருங்கள். 12 வோல்ட் காருக்குரிய மெல்லிய கேபிளை யாரோ மாட்டியிருப்பதே அடிக்கடி காரணம்.

பெயிண்டைப் பற்றிய முடிவைக் கடைசி வரை ஒத்திப்போடுங்கள். கட்டியவர் அடித்த பெயிண்ட் மங்கியிருந்தாலும் தகட்டைப் பிடித்திருக்குமானால், மெல்லத் துலக்கி மெழுகிட்டு அப்படியே வைப்பதை நான் விரும்புவேன். ஒருமுறை சுரண்டியது திரும்ப வராது. புதிதாக அடிப்பது தவிர்க்க முடியாதென்றால், தெரியாத ஓர் இடத்தில் பழைய நிறத்தின் சிறு திட்டை விட்டுவைத்து, அதைக் கொண்டே நிறத்தைப் பொருத்துங்கள். இன்றைய இருகூட்டு பெயிண்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உள்ளதால், வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடி இல்லாமல் வீட்டுப் பட்டறையில் அதைத் தெளிக்கக் கூடாது.

முதல் முறை இயக்கும் நாளில், பிளக்குகள் இல்லாமல் இன்ஜினைச் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுவதைக் கண்ட பிறகே பெட்ரோலைத் திறந்துவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடேறி நின்ற பிறகு ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும்: வார்ப்பிரும்பு ஹெட்டாக இருந்தால் சூடாக இருக்கும்போதே, அலுமினிய ஹெட்டாக இருந்தால் முழுவதும் குளிர்ந்த பிறகு. தொடக்க ஓட்டங்களை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை திரும்பியதும் சக்கர நட்டு, ஸ்டியரிங் பின்கள், பிரேக் குழாய்களின் இணைப்புகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். முன்சக்கரம் உதறினால் வேகத்தைக் கூட்டிக் கடக்க முயலாமல் நிறுத்திவிட்டு, முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்னின் தேய்மானத்தையும், ஆக்சிலின் பின்சாய்வு 5 முதல் 7 பாகைக்குள் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். சில நூறு கிலோமீட்டர் கடந்ததும் ஆயிலை மாற்றி, வடிந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டி உலோகத் துகள்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, கண்டதை அந்தப் பழைய நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள்.