டு பிளெஸ்ஸி முன்னோரைத் தேடினால் ரிஷ்லியூ வந்து நிற்பார்: ஹியூகனாட் வம்சாவளித் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபாஃப் டு பிளெஸ்ஸி சென்னை அணிக்கு ஆடிய காலத்தில் அந்தப் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் தினமும் புழங்கியது. டிவில்லியர்ஸும் அப்படித்தான். இரண்டையும் தென்னாப்பிரிக்கப் பெயர்களாகவே பழகிவிட்டோம், ஆனால் அவை பிரான்ஸிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஹியூகனாட் குடும்பங்களின் பெயர்கள்.

ஹியூகனாட் என்பவர்கள் பிரான்ஸின் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். நான்காம் ஹென்றி 1598-ல் நாந்த் நகரில் ஆணை பிறப்பித்து அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். அவருடைய பேரன் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதை ரத்து செய்தார். போதகர்கள் 15 நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், மற்றவர்கள் வெளியேறவே கூடாது என்பது புதிய சட்டம். தப்பும்போது பிடிபட்ட ஆணுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமை வேலை, பெண்ணுக்குச் சிறை. அப்படியும் ஒன்றரை லட்சத்திலிருந்து 2 லட்சம் பேர் வரை தப்பிப் போனார்கள்.

வம்சாவளி தேடுபவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இந்தச் சட்டத்தைத்தான். இரவில் எல்லை தாண்டியவர்கள் போகிற இடத்தை எங்கும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆகவே புறப்பட்ட ஊரில் தேடத் தொடங்கினால் ஒன்றும் அகப்படாது. போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கி வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலானோர் வழுக்கி விழுவது இங்கேதான்.

டு பிளெஸ்ஸி பெயரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு வரலாற்றில் இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வருபவர், பிரான்ஸின் தலைமை அமைச்சராக இருந்த கத்தோலிக்க குரு கார்டினல் ரிஷ்லியூ. அவருடைய இயற்பெயர் ஆர்மான் ஜான் டு பிளெஸ்ஸி, குடும்பம் புவாத்து மாகாணத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்க டு பிளெஸ்ஸிகளின் மூதாதையும் அதே மாகாணத்தின் புவாத்தியே நகரத்துக்காரர். பெயர் ஒன்று, மாகாணம் ஒன்று. ஆர்வத்தில் இருப்பவருக்கு இது போதும், கார்டினல் வீட்டு மரத்தில் தன் கிளையை ஒட்டிவிடுவார். அப்போது டச்சுக்காரர்கள் ஆண்ட தென்னாப்பிரிக்கக் கேப் குடியேற்றத்தின் பதிவுகளை நிதானமாகப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். அவர் பெயர் ஜான் ப்ரியூர் டு பிளெஸ்ஸி, தொழிலால் அறுவை வைத்தியர். ஓஸ்டர்லாண்ட் என்ற கப்பலில் மனைவியோடு 1688-ல் கேப் வந்து இறங்கினார். பெயரில் ‘ப்ரியூர்’ முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். தேட வேண்டிய குடும்பப் பெயர் அதுவாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ‘பிளெஸ்ஸி’ என்றால் பின்னிக் கட்டிய வேலிக்குள் இருக்கும் இடம். பிரான்ஸ் முழுக்க அந்தப் பெயரில் ஊர்கள் உண்டு. ‘டு’, ‘டெ’ என்பவை ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ என்று சொல்லுமே ஒழிய, பிரபு வம்சம் என்று சொல்லாது. 1628-ல் ஹியூகனாட்களின் கோட்டை நகரமான லா ரொஷேலைப் பட்டினி போட்டுப் பணியவைத்தவர் ரிஷ்லியூ. அவரையே ஒரு ஹியூகனாட் அகதியின் வம்சத்தில் சேர்ப்பது அந்த அகதி பட்ட பாட்டுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

குலச்சின்னம் வாங்குவதும் இதே ரகம். கேடயமும் சிங்கமும் போட்டு ‘உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்’ என்று விற்கிறார்கள். சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, அதே பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அல்ல. தப்பி ஓடியவர்களில் நெசவாளிகளும் திராட்சை விவசாயிகளும் கடிகாரம் செய்பவர்களும் வியாபாரிகளும் ஏராளம்.

குடும்பக் கதை முழுவதையும் தூக்கி எறிவதும் தவறு. ‘மூன்று சகோதரர்கள் கடல் கடந்து வந்தார்கள்’ என்ற கதை உலகம் முழுக்கப் பல குடும்பங்களில் உண்டு, பலவற்றில் அது வெறும் கதை. ஆனால் டிவில்லியர்ஸ் குடும்பத்தில் நிஜம். பியர், ஆபிரகாம், ஜாக் என்ற மூன்று சகோதரர்கள் 1689-ல் கேப் வந்தார்கள். இவர்கள் திராட்சைக் கொடி வளர்ப்பதில் தேர்ந்தவர்கள் என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டெல்ஃப்ட் கிளை எழுதிய கடிதமே இருக்கிறது. கதையை முடிவாகப் பிடித்துக்கொள்ளாமல் தேடலுக்கு ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம்.

என் பார்வையில் மிகப் பெரிய இழப்பைத் தருவது, இடைவழி ஊர்களைத் தாண்டிக் குதிப்பது. பிரான்ஸிலிருந்து நேராகக் கேப்டவுனுக்கோ நியூயார்க்குக்கோ யாரும் போகவில்லை என்று வைத்துக்கொண்டு தேடுவதே நல்லது. தெற்கே லாங்கெடாக், டோஃபினே பக்கத்தவர்கள் ஜெனீவாவுக்கு நடந்தார்கள். அங்கிருந்து பிராங்க்ஃபர்ட், பிறகு ரைன் நதி வழியாக ஹாலந்து. போகிற வழியில் கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது, சாவும் நேர்ந்தது. அதற்கெல்லாம் அங்கங்கே பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் நியூ பால்ட்ஸ் ஊரின் பெயரே இதற்குச் சாட்சி. அதை 1678-ல் நிறுவியவர்களில் ஒருவரான லூயி டுபுவா, லில் நகரத்துக்கு அருகே பிறந்தவர். அவர் நேரே அமெரிக்கா போகவில்லை, ஜெர்மனியின் மன்ஹைமில் சில காலம் வாழ்ந்தார். தங்களுக்கு இடம் கொடுத்த, மன்ஹைம் இருந்த பால்ட்ஸ் நாட்டின் பெயரைத்தான் புது ஊருக்கு வைத்தார்கள்.

ஹாலந்து வழியாகப் போன குடும்பம் என்றால், அங்கே பிரெஞ்சு மொழியில் வழிபாடு நடத்திய வாலூன் தேவாலயங்களின் பதிவேடுகளைப் பாருங்கள். ஞானஸ்நானம், திருமணம், சபையில் சேர்ந்தது எல்லாம் அட்டைகளில் தொகுக்கப்பட்டு லைடன் சேகரிப்பில் உள்ளன. லண்டன் வழி என்றால் த்ரெட்நீடில் தெரு பிரெஞ்சு தேவாலயம். 1885-ல் தொடங்கிய லண்டன் ஹியூகனாட் சங்கம் அதன் பதிவேடுகளை அச்சிட்டிருக்கிறது.

அந்தப் பதிவேடுகளில் இரண்டு வகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று சாட்சிப் பத்திரம். ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போகிறவர், தான் நல்ல உறுப்பினர் என்று கொண்டுவந்த கடிதம் அது. எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது அதில் இருக்கும், அடுத்து எங்கே தேடுவது என்று அந்த ஒரு வரி காட்டிவிடும். மற்றது படிக்கவே மனம் கனக்கும். பிரான்ஸில் வீட்டுக்குள் குதிரைப்படை வீரர்களைத் தங்கவைத்து, மதம் மாறும்வரை குடும்பத்தை வதைத்தார்கள். தாங்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் பல ஆயிரம். அவர்களில் தப்பி லண்டன் சேர்ந்தவர்கள் சபை நடுவே எழுந்து நின்று, அப்படிப் பணிந்ததற்காக வருந்தி, பழைய விசுவாசத்தை மறுபடி அறிக்கையிட்டார்கள். அவர்கள் பெயர், சிலசமயம் சொந்த ஊர், எழுதிவைக்கப்பட்டது. ஒருவர் பிரான்ஸில் கத்தோலிக்கராக மாறியதாகப் பதிவு கிடைத்ததும் ‘இவர் நம் ஆள் இல்லை’ என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள்.

பெயர் எழுத்துக்கு வருவோம். எழுதியவர் டச்சு குமாஸ்தா, சொன்னவர் பிரெஞ்சுக்காரர். காதில் விழுந்ததுதான் ஏட்டில் ஏறியது. வில்லியோன் என்பவர் ஃபில்யூன் ஆனார், க்ரோனியே க்ரோன்யே ஆனது, ரூஸோ ரொஸோவ் ஆனது, பினார் பீனார் ஆனது, செனெஷால் செனெகல் ஆனது. நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும், முதலி ‘மூட்லி’ ஆனதும் இதே மாதிரி ஏட்டில்தான். சிலர் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். பாஸ்டன் போன அபோலோஸ் ரிவுவார், அங்குள்ளவர்கள் வாயில் நுழையட்டும் என்று ரெவியர் ஆனார். அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற பால் ரெவியர் அவருடைய மகன். இன்னும் சிலர் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் வெள்ளை என்று பொருள்படும் லெப்லான், இங்கிலாந்தில் வைட். ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் தேடுபவருக்குப் பாதிக் குடும்பம் கண்ணில் படாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, வேறு காது அதை எப்படி வாங்கியிருக்கும் என்று யோசித்துத் தேடுங்கள்.

தேதியும் ஏமாற்றும். பிரான்ஸ் 1582-லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அதோடு அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். லண்டனில் 1687 ஜூன் திருமணம், 1687 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த குழந்தை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1688.

பிரான்ஸுக்குள் நுழையும்போது எல்லாம் அழிந்துவிட்டது என்று சோர்ந்துபோக வேண்டாம். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் நிறையத் தொலைந்தது உண்மை. ஆனால் ஓடிப்போனவர்களின் சொத்தை அரசு பறிமுதல் செய்தது, பறிமுதல் செய்கிற அரசு கணக்கு வைக்கும். அந்தத் தாள்கள் பாரிஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டிடி’ (TT) என்ற வரிசையில் உள்ளன. நோட்டரிகள் எழுதிய திருமண ஒப்பந்தங்களும் உயில்களும் மாவட்டக் காப்பகங்களில் கிடைக்கும். 1685-க்குப் பிறகு ஊரிலேயே தங்கிவிட்ட உறவினர்களைக் கத்தோலிக்கப் பதிவேட்டில் தேட வேண்டும். 1787 வரை புராட்டஸ்டன்ட்களுக்குச் சட்டப்படியான பிறப்பு, திருமணப் பதிவே கிடையாது. புவாத்து, டோஃபினே போன்ற பழைய மாகாணங்கள் 1790-ல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். புவாத்து என்று மட்டும் தெரிந்தால் வியென், டு செவ்ர், வாந்தே மூன்றையும் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் பெயர் உள்ளவர் எல்லாம் ஹியூகனாட் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்சி தீவுக்காரர் இருக்கலாம், புரட்சிக்குப் பயந்து ஓடிய கத்தோலிக்கர் இருக்கலாம்.

கடைசியாக, தாய்வழி. தந்தை வழியையே பிடித்துக்கொண்டு பிரான்ஸ் வரை போய்விட்டு, வீட்டுப் பெண்களை ‘மனைவி’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சு, டச்சு ஏடுகளில் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதும் வழக்கம் இருந்தும் இப்படி. கேப்பில் இன்னொரு காரணமும் உண்டு. சில குடும்ப மரங்களில் ‘வான் பெங்காலென்’, ‘வான் கோரமண்டல்’, ‘வான் டெ குஸ்ட்’ என்று முடியும் பெண் பெயர்கள் வருகின்றன. ‘குஸ்ட்’ என்றால் கரை, அதாவது சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி, விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிய மனிதர்களுக்கு வைத்த பெயர்கள் இவை. நெடுங்காலம் இந்தப் பெயர்களைக் குடும்பங்கள் பேசாமல் மறைத்து வைத்திருந்தன. தேடலில் அப்படி ஒரு பெண் எதிர்ப்பட்டால் அவரைத் தாண்டிப் போகாதீர்கள். அவர் எப்போது, யாரிடமிருந்து, யாருக்குக் கைமாறினார், எப்போது விடுதலை பெற்றார் என்பதைக் கேப்டவுனில் உள்ள அடிமை விற்பனைப் பத்திரங்களிலும் உயில்களிலும் தேடுங்கள்.