இரவு 2 மணிக் கேள்விக்குப் பட்டிமன்றம் வேண்டாம்

தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் ஒருவர் சக மருத்துவர்களிடம் கேட்கிறார்: "கண்ணாடி விரியன் கடி. 10 வயல் ஏஎஸ்வி போட்டு 6 மணி நேரம் ஆச்சு. ரத்தம் இன்னும் உறையல. திரும்பப் போடட்டுமா, மேலே அனுப்பட்டுமா?" (ஏஎஸ்வி என்பது பாம்பு விஷமுறிவு மருந்து, வயல் என்பது அதன் குப்பி, மேலே என்பது பெரிய மருத்துவமனை.)

ஒருவர் குறைந்த அளவே போதும் என்று சொல்லும் ஆய்வுகளை எடுத்து வைக்கிறார். இன்னொருவர் அவற்றில் நோயாளிகள் எண்ணிக்கை போதாது என்கிறார். விஷம் எடுக்கப்படும் பாம்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் பிடிபட்டவை, அந்த மருந்து வடக்கே எந்த அளவுக்கு வேலை செய்யும் என்று மூன்றாமவர் ஆரம்பிக்கிறார். மூன்றும் உருப்படியான விவாதங்கள்தான். ஆனால் கேட்டவருக்குப் பதில் வரவில்லை.

இங்கே நடக்கும் முதல் தவறு, இந்தப் பதில் எப்போதைக்குத் தேவை என்று யாரும் யோசிக்காதது. இன்னும் பத்து நிமிடத்தில் தேவைப்படும் பதிலும் அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்கக்கூடிய பதிலும் ஒன்றல்ல. மேலே உள்ள கேள்விக்குச் சுருக்கமான பதில் உண்டு. விஷம் முறிந்த பிறகு உறைதல் காரணிகளை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களை, ஈரல் மறுபடி தயாரிக்க ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதனால்தான் அந்த இடைவெளி. அப்போதும் உறையவில்லை என்றால் இன்னொரு சுற்று மருந்து. சிறுநீர் குறைகிறதென்றால் டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவது. இதை முதலில் சொல்லிவிட்டு, "மொத்த அளவு பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது, பிறகு பேசலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதற்கும் முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எந்தக் குழாயில் பார்த்தீர்கள்? 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். குழாயைப் பற்றிக் கேட்காமல் மருந்தின் அளவைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிடுபவர்களைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

தவறு கேட்பவர் பக்கமும் உண்டு. "பாம்புக்கடி, என்ன செய்யலாம்?" என்று மொட்டையாகக் கேட்டால் வருவது பாடப்புத்தகம்தான். கடித்து எவ்வளவு நேரமாயிற்று, இமை தொங்குகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, சிறுநீர் எவ்வளவு, கையிருப்பில் எத்தனை வயல், வென்டிலேட்டர் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பதிலும் அந்த நோயாளிக்கானதாக வரும். நோயாளியின் முகமும் பெயரும் இதில் தேவையே இல்லை.

கட்டுவிரியன் கடியில் இந்தக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. அதன் விஷம் நரம்பு முனைகளையே சேதப்படுத்துகிறது. தசைகள் செயலிழந்த பிறகு ஏஎஸ்வி அதைத் திருப்புவதில்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை வலுப்படுத்தும் நியோஸ்டிக்மின் மருந்து, நாகக் கடியில் உதவுவதுபோல் இங்கே பெரிதாக உதவாது. கூடுதல் மருந்தால் பயன் உண்டா என்பது ஆய்வுக்குரிய கேள்வி. படுக்கையில் இருப்பவருக்குத் தேவை மூச்சு. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்த ஓர் ஆள், மூச்சுக்குழலில் குழாய் போடத் தெரிந்த ஓர் ஆள், வண்டி.

சரி, அப்படியானால் விவாதமே வேண்டாமா? "இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நான் 20 வருஷமா இப்படித்தான் பண்றேன்" என்று சீனியர் வாயை அடைப்பதுதான் இதைவிடப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஏஎஸ்விக்கு முன்னால் ஒவ்வாமையைத் தடுக்க ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் அவில் என்ற ஒவ்வாமை மருந்தும் போடுவது பல இடங்களில் பழக்கம். இலங்கையில் 1000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு, தோலடியில் போடும் குறைந்த அளவு அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையைக் குறைப்பதைக் காட்டியது. ஹைட்ரோகார்ட்டிசோனும் அவில் வகையைச் சேர்ந்த புரோமெதசினும் அப்படிப் பயன் தரவில்லை. 20 வருஷ அனுபவம் மட்டும் இதைச் சொல்லியிருக்காது. பழக்கத்தைக் கேள்வி கேட்டு, எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது.

அதே நேரம், ஆய்வை ஊர் பார்க்காமல் தூக்கிவருவதும் தவறு. இந்திய ஏஎஸ்வி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான். இலங்கையிலும் கேரளத்திலும் கடிக்கும் கூர்மூக்கு விரியனுக்கு (hump-nosed pit viper) அது வேலை செய்யாது. அங்கே ரத்தம் உறையவில்லை என்றால், எத்தனை வயல் என்பதற்கு முன்னால் எந்தப் பாம்பு என்று கேட்க வேண்டும்.

விவாதத்துக்கென்று தனி நேரம் ஒதுக்குவது கடினமில்லை. மாதாந்திரக் கூட்டமோ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் ஜர்னல் கிளப்போ, எதுவானாலும் சரி. இரவில் எழுந்த கேள்வியை ஒருவர் குறித்துவைத்து அங்கே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் "பிறகு பேசலாம்" என்பது "பேசவே வேண்டாம்" என்று ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலும் யாருமே செய்யாதது. பதில் வாங்கிய டாக்டர் மறுநாள் என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. மொத்தம் எத்தனை வயல் போனது, எப்போது உறைந்தது, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு ஏறியது, டயாலிசிஸ் தேவைப்பட்டதா. இந்த நான்கு வரி வந்தால் பதில் சொன்னவருக்குத் தான் சொன்னது சரியா என்று தெரியும். குறைந்த அளவா, கூடுதல் அளவா என்று வாதிடுபவர்களுக்கும் நம் ஊர் நோயாளி ஒருவரின் கணக்கு கையில் இருக்கும்.