ப்ளேஆஃபை வைத்து இளம் வீரரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

7, 38, 9, 8, 11, 12, 8.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2025 ப்ளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் நாக்அவுட்) முதல் சுற்றில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான ஏழு ஆட்டங்களில் ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ஜேலன் கிரீன் எடுத்த புள்ளிகள் இவை. சராசரி 13.3. அந்த 38-ஐத் தனியே எடுத்து வைத்தால் மீதி ஆறு ஆட்டங்களுக்குத் தேறுவது 9.2 தான். 38 வந்த இரண்டாவது ஆட்டத்தில் எதிரணியின் ஜிம்மி பட்லர் முதல் குவார்ட்டரிலேயே (ஆட்டத்தின் முதல் கால் பகுதி) அடிபட்டு வெளியே போய்விட்டார். ஆக, 13.3 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கிரீனைப் பற்றி யார் என்ன பேசினாலும் அது அரைகுறைப் பேச்சு.

ப்ளேஆஃபுக்கு முன் நடக்கும் 82 ஆட்ட ரெகுலர் சீசனில் ஓர் அணி இன்னோர் அணியைச் சந்திப்பது அதிகபட்சம் நான்கு முறை. அதுவும் பெரும்பாலும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு. இன்று டென்வர், நாளை மறுநாள் ஃபீனிக்ஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் கோச்சுக்கு எதிரணியின் நான்காவது, ஐந்தாவது ஆளை உட்கார்ந்து அலச நேரம் கிடையாது. ப்ளேஆஃபின் ஒரு சுற்றில் (சீரிஸ்) ஒரே எதிரி, ஏழு ஆட்டம் வரை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவில் வீடியோவைப் பிரித்து மேய ஒரு நாளாவது கிடைக்கும். ஓர் இளம் வீரரிடம் ஓட்டை இருந்தால் இரண்டாவது ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்; மூன்றாவதிலிருந்து அதையே குடைவார்கள். அதனால் ஒரு சீரிஸ் நமக்குக் காட்டுவது அவருடைய ஓட்டை எது என்பதை. அவர் எவ்வளவு உயரம் போவார் என்பதை அல்ல. விவாதங்கள் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முப்பது ஷாட்டை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் த்ரீ ஷாட்டுக்குப் பொருந்தாது. சீசன் முழுக்க 36 சதவீதம் போடும் ஒருவர், ஆட்டத்துக்கு 5 த்ரீ வீதம் ஆறு ஆட்டங்களில் 30 த்ரீ எறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பது 11. ஆனால் திறமை இம்மியும் மாறாமல், வெறும் தற்செயலிலேயே 8-லிருந்து 13 வரை எதுவும் விழலாம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை இந்த எல்லைக்குள்தான் நிற்கும். மீதி ஒரு முறை அதையும் தாண்டி மேலேயோ கீழேயோ போகும். 8 விழுந்தால் 27 சதவீதம், 'பெரிய மேடையில் நடுங்குகிறான்' என்கிறோம். 13 விழுந்தால் 43 சதவீதம், 'பெரிய மேடைக்கென்றே பிறந்தவன்'. ஆள் ஒரே ஆள்.

சதவீதத்துக்குப் பதில் எண்ணிக்கையைப் பாருங்கள். சீசனில் ஐந்து எறிந்தவர் சீரிஸில் இரண்டுதான் எறிகிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது: எதிரணி அவரை த்ரீ லைனிலிருந்து விரட்டுகிறது, அல்லது அவரே தயங்குகிறார். இந்த இரண்டும் வெவ்வேறு நோய்; சதவீதம் இரண்டையுமே காட்டாது.

புள்ளிகளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ட்ரூ ஷூட்டிங் (எறிந்த வாய்ப்புகளுக்கு எவ்வளவு புள்ளி வந்தது என்ற சதவீதம்) போடுங்கள். எறிந்த ஷாட்டுடன், எடுத்த ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி ஷாட்) 0.44-ஆல் பெருக்கிக் கூட்டி, அதை இரட்டிப்பாக்கி, அதனால் புள்ளிகளை வகுக்க வேண்டும். 20 ஷாட், 4 ஃப்ரீ த்ரோவில் 22 புள்ளி என்றால் 50.6 சதவீதம். 11 ஷாட், 5 ஃப்ரீ த்ரோவில் 18 புள்ளி என்றால் 68.2. அண்மைய சீசன்களில் லீக் சராசரி 57, 58-ஐ ஒட்டி நிற்கிறது. அந்த 22 அணியைக் கீழே இழுத்திருக்கிறது, 18 மேலே தூக்கியிருக்கிறது.

பந்து கையில் இல்லாதபோது அவரைப் பார்க்காமல் விடுவது

ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு இது. கண் பந்தோடு போய்விடுகிறது. ஒரு குவார்ட்டர் மட்டும் பந்தை மறந்துவிட்டு அந்த இளைஞரைக் காக்கும் ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் ஷாட்டுக்கு மரியாதை இருக்கிறது என்று பொருள். ஒரு காலைப் பெயிண்டில் (கூடைக்கு முன்னுள்ள பெட்டிப் பகுதி) வைத்துக்கொண்டு, முகத்தைப் பந்துப் பக்கம் திருப்பி நிற்கிறாரா? அப்படியானால் எதிரணி இந்த வீரரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது.

இதன் விளைவு அவர் பெயரில் பதிவாகாது, அதுதான் வில்லங்கம். அணியின் ஸ்டார் ட்ரைவ் (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வது) போகும்போது பெயிண்டில் கூடுதலாக ஓர் ஆள் நிற்பார். ஸ்டார் சுற்றி வளைக்கப்பட்டு பந்தை இழப்பார். அந்தப் பந்திழப்பு (டர்னோவர்) ஸ்டாரின் கணக்கில் ஏறும். 'ஸ்டார் சொதப்பினார்' என்று பேச்சு ஓடும். காரணம் மூலையில் சும்மா நின்றுகொண்டிருப்பார்.

2015 இரண்டாம் சுற்றில் மெம்ஃபிஸ் 2-1 என முன்னிலையில் இருந்தது. வாரியர்ஸ் தங்கள் சென்டர் (கூடைக்கடியில் ஆடும் உயரமான ஆள்) ஆண்ட்ரூ போகட்டை மெம்ஃபிஸ் கார்டு (கூடையிலிருந்து தள்ளி ஆடுபவர்) டோனி ஆலன் மேல் போட்டது. காப்பதற்காக அல்ல, ஆலனை விட்டுவிட்டுக் கூடைக்கடியில் நிற்பதற்காக. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வாரியர்ஸ் வென்றது. ஆலன் அனுபவசாலி, லீக்கின் தலைசிறந்த டிஃபெண்டர்களில் ஒருவர். அவருக்கே இந்தக் கதி. 2024 இரண்டாம் சுற்றில் டல்லஸ் இதே வித்தையை ஓக்லஹோமா சிட்டியின் ஜாஷ் கிடி மேல் காட்டியது. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் தொடக்க ஐவரிலேயே இல்லை. அந்த ஜூனிலேயே அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கினார்கள்; 2025-ல் ஓக்லஹோமா சிட்டி பட்டம் வென்றது. கிடியும் வீணாகப் போகவில்லை. சிகாகோவில் முதல் சீசனிலேயே அவருடைய த்ரீ 37 சதவீதத்தைத் தாண்டியது. 'கிடி ஒன்றுக்கும் ஆகாதவர்' என்று அந்த சீரிஸைப் படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள். அந்த அணியில், அந்த வருடம், ஸ்டார் பக்கத்தில் நிற்க அவரிடம் ஷாட் இல்லை. அவ்வளவுதான் அந்த சீரிஸ் சொன்னது.

ஓட்டை அடைபடுமா என்பது அடுத்த கேள்வி. 2021 ப்ளேஆஃபில் பிலடெல்ஃபியாவின் பென் சிமன்ஸ் 73 ஃப்ரீ த்ரோவில் 25 மட்டுமே போட்டார். அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கூடைக்கடியில் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்த டங்கை (பந்தைக் கூடைக்குள் கையாலேயே திணிப்பது) விட்டுப் பந்தைப் பாஸ் செய்தார். கை நழுவுவது ஒரு சிக்கல். ஃபவுல் செய்துவிடுவார்களோ என்று கூடையையே பார்க்காமல் இருப்பது வேறு சிக்கல். இரண்டாவதுதான் குணமாக நாள் பிடிக்கும். மில்வாக்கியின் யானிஸ் ஆண்டெடோகும்போவுக்கும் ஃப்ரீ த்ரோ சிக்கல் இருந்தது, வெளியிலிருந்து ஷாட்டும் பெரிதாக இல்லை. 2019-ல் டொரான்டோ அவர் முன்னால் ஆட்களைச் சுவர் போல நிறுத்தி, 0-2 என்று பின்தங்கியிருந்த சீரிஸை 4-2 என்று திருப்பியது. ஆனால் அவர் கூடையை நோக்கிப் போவதை நிறுத்தவே இல்லை. 2021 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி, 19 ஃப்ரீ த்ரோவில் 17, கையில் பட்டம்.

கடைசியாகக் கூடைக்கடியில் நிற்பவரைக் குற்றவாளி ஆக்குவது

டிஃபென்ஸில் கடைசிக் காட்சி மட்டும் நினைவில் நிற்கும்: ஒருவர் தாமதமாகக் கை தூக்குகிறார், அவர் தலைக்கு மேல் பந்து விழுகிறது. அவர் பெரும்பாலும் ஹெல்ப்புக்கு, அதாவது வேறொருவர் விட்ட ஆளைத் தடுக்க, வந்தவர். ஆறேழு நொடி பின்னால் ஓட்டிப் பாருங்கள். ஸ்கிரீனில் (காக்கும் ஆளின் வழியை எதிரணியினர் மறித்து நிற்பது) மாட்டிக்கொண்டது யார், ஸ்விட்ச் (காக்கும் ஆளை மாற்றிக்கொள்வோம்) என்று குரல் கொடுக்காதது யார் என்று தெரியும்.

இன்னொன்று, வேட்டை. எதிரணி ஸ்டார் ஸ்கிரீன் போட யாரைக் கூப்பிடுகிறார்? நம் இளைஞர் காக்கும் ஆளையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், இளைஞரைத் தன் முன் இழுக்கிறார் என்று பொருள். இதை எண்ணுங்கள், ஷாட் விழுந்ததா என்பதை அல்ல. ஸ்விட்சுக்குப் பிறகு இளைஞர் முன்னாலேயே நின்று, ஷாட் கிளாக்கில் (ஷாட் எறிவதற்கான நேரக் கெடு) நான்கைந்து நொடி இருக்கும்போது ஸ்டாரைப் பின்வாங்கி எறிய வைத்தாரா? அது விழுந்தாலும் அவர் தன் வேலையைச் செய்துவிட்டார். முதல் அடியிலேயே தாண்டிப் போனார்களா, எட்டாத பந்துக்குக் கை நீட்டி ஃபவுல் வாங்கினாரா? அது விழாவிட்டாலும் சிக்கல் சிக்கல்தான். ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முந்தியது, பிந்தியது என்ற கணக்கு) இந்த வாதத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். அவர் களத்தில் இருந்த எட்டு நிமிடத்தில் எதிரணியின் வேறொருவர் நான்கு த்ரீ போட்டால் மைனஸ் 12 இவர் தலையிலும் விழும்.

பெஞ்சில் உட்கார வைத்ததைத் தண்டனை என்று எடுத்துக்கொள்வது

சீசனில் ஒன்பது, பத்துப் பேரைச் சுழற்றும் கோச், ப்ளேஆஃபில் ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார். வெட்டு முதலில் விழுவது இளையவர் மேல். பல நேரம் அது திறமைக் குறைவால் அல்ல, சேர்க்கையால். 2025-ல் வாரியர்ஸின் ஜொனாதன் குமிங்காவைக் கோச் சில ஆட்டங்களில் இறக்கவே இல்லை. பட்லர், டிரேமண்ட் கிரீன் இருவரும் ஏற்கெனவே த்ரீயால் மிரட்டாதவர்கள். மூன்றாவதாக அப்படி இன்னொருவரைச் சேர்த்தால் ஸ்டீஃபன் கரிக்குப் பெயிண்டில் மூச்சுவிட இடமிருக்காது. மின்னசோட்டாவுக்கு எதிராகக் கரி காயத்தால் வெளியேறியதும் கணக்கே மாறியது. மூன்றாவது ஆட்டத்தில் குமிங்கா 30 எடுத்தார்.

வயதையும் சூழலையும் மறப்பது

இரண்டு பேரும் 'ரூக்கி' (முதல் சீசன் ஆடுபவர்) என்றாலும் 19 வயது ரூக்கியும், மூன்று வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு 22 வயதில் வந்த ஜேலன் பிரன்சன் மாதிரி ரூக்கியும் ஒன்றல்ல. ஒப்பிட வேண்டுமென்றால் வயதோடு வயதை ஒப்பிடுங்கள்.

1997-ல் யூட்டாவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் கூடையையே தொடாத நான்கு ஏர்பால் எறிந்தது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அப்போது 18 வயது. பந்து ஏன் அவர் கைக்கு வந்தது என்பது பலருக்கும் தெரியாது: சக வீரர்களில் பைரன் ஸ்காட்டுக்குக் காயம், ராபர்ட் ஹோரி வெளியேற்றப்பட்டிருந்தார், ஷகீல் ஓ'நீல் ஆறு ஃபவுலில் போய்விட்டார். அந்த நான்கு ஷாட்டில் கவனிக்க வேண்டியது, முதல் மூன்றும் கூடையைத் தொடாத பிறகும் நான்காவதை எறிந்தார் என்பதே. தயக்கமில்லாதவருக்கு ஷாட்டைக் கற்றுக்கொடுக்கலாம். லேக்கர்ஸ் மூன்றே வருடத்தில் பட்டம் வென்றது.

'பையனை ஆட விடு, தானாக வளருவான்'

இதை நம்பாதீர்கள். நிமிடங்கள் மட்டும் ஆளை வளர்க்காது. என்ன வேலை கொடுத்து ஆட விடுகிறோம் என்பதுதான் வளர்க்கும். 2020 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) இரண்டாவதாகத் தேர்வான ஜேம்ஸ் வைஸ்மன் கல்லூரியில் ஆடியது மூன்றே ஆட்டம். சென்டர் என்பவர் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் பின்வாங்குவதா, முன்னேறுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டியவர். அதை அவர் பட்டத்துக்கு ஆடும் அணியில், முழங்கால் காயத்தோடு, கற்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் வாரியர்ஸ் அவரைக் கைவிட்டது. இதற்கு நேர்மாறு பாஸ்கல் சியாகம். 27-வதாகத் தேர்வானவரை டொரான்டோ கீழ்நிலை லீக்குக்கு அனுப்பி, அங்கே பந்தைக் கையில் கொடுத்தது. 2017-ல் அந்த லீக்கின் ஃபைனல்ஸ் எம்.வி.பி. (மதிப்புமிக்க வீரர் விருது), 2019-ல் என்.பி.ஏ. பட்டம்.

ஒரு கோடை விடுமுறையில் சரியாவது எது, ஆகாதது எது என்று பிரித்துக்கொண்டால் பாதி வாதம் தீரும். மூலையிலிருந்து நின்று எறியும் த்ரீ சரியாகும். அங்கே லைன் 22 அடிதான், மேலே 23 அடி 9 அங்குலம். உடல் வலு, பலவீனமான கையால் பந்தைத் தட்டி ஓட்டுவது (டிரிப்ளிங்), வீண் ஃபவுல் எல்லாம் சரியாகும். பக்கவாட்டு வேகம் கொஞ்சம்தான் கூடும். கை நீளம் கூடாது. எதிரணி நகர்வதற்கு முன்பே பாஸைப் பார்க்கும் கண் பெரும்பாலும் கூடவே வருவது. கவாய் லெனர்ட் கல்லூரியில் த்ரீ போடத் தெரியாதவராகவே பெயர் எடுத்தார். சான் அன்டோனியோவில் சிப் எங்கெலாண்ட் அவருடைய ஷாட்டைத் திருத்தினார். முதல் சீசனிலேயே 37.6 சதவீதம். 2014 ஃபைனலில் முதல் இரண்டு ஆட்டங்களில் தலா 9 புள்ளி, மூன்றாவதில் 29, கடைசியில் 22 வயதில் ஃபைனல்ஸ் எம்.வி.பி.

கோடையில் புதியவர்கள் ஆடும் சம்மர் லீக் புள்ளிகளையும், யாரும் காக்காத ஜிம்மில் எடுத்த பயிற்சி வீடியோக்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

'விற்றுவிடு' என்று சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வானவரின் ரூக்கி ஒப்பந்தம் நான்கு சீசன். மூன்றாவது, நான்காவது சீசன்களை ஏற்பதும் விடுவதும் அணியின் விருப்பம். நீட்டிப்புப் பேச்சு மூன்றாவது சீசனுக்குப் பிறகுதான் வரும். அதாவது இரண்டாவது வருட ப்ளேஆஃபில் சொதப்பியவருக்காக அணி அவரை உடனே விற்கவோ நீட்டிக்கவோ வேண்டிய கட்டாயம் இல்லை, குறைந்த சம்பளத்தில் இன்னும் இரண்டு கோடைகள் கையில் இருக்கின்றன. கிளிப்பர்ஸின் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் தன் முதல் ப்ளேஆஃபில், 2019-ல் வாரியர்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 25 எடுத்தார். அதே ஜூலையில் கிளிப்பர்ஸ் அவரையும் டிராஃப்டின் பல முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் கொடுத்து ஓக்லஹோமா சிட்டியிடமிருந்து பால் ஜார்ஜை வாங்கியது. 2025-ல் லீக் எம்.வி.பி., ஃபைனல்ஸ் எம்.வி.பி. இரண்டையும் வாங்கியவர் கில்ஜஸ்-அலெக்ஸாண்டர். அந்தப் பட்ட அணியில் அவருக்குத் துணை நின்ற ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த தேர்வுகளில் ஒன்றில் வந்தவர்.